ஓலைக்குக் கண்ணாடிச் சிறை

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்திலே, பாரிஸ் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். தேநீரும் பயற்றம்பணியாரமும் ஒரு தட்டில் வைத்து உபசரித்தனர். பணியாரத்தைவிடத் தட்டே அன்று சபையின் பேச்சுக்குப் பொருளாயிற்று. முதற் பார்வையில் அது கண்ணாடி என்றே நினைத்தோம். கையில் வாங்கியபோது கண்ணாடிக்குரிய பாரமும் குளிர்ச்சியும் இல்லை. தெளிந்த நீரை வெட்டி எடுத்தாற்போன்ற ஒரு தடித்த பலகை. அதன் வயிற்றுக்குள், சாய்மனைக் கதிரைகளில் நாம் காணும் அதே கண்ணறைப் பின்னலாகப் பிரம்பு. விளிம்புக்குப் பித்தளைப் பட்டி. "தொட்டுப் பாருங்கோ தம்பி, உள்ளுக்கை இருக்கிறது அசல் பிரம்பு" என்றார் வீட்டுக்காரர். தொட்டுப் பார்த்தோம். விரலிற் பட்டது பிளாஸ்ரிக்.

அது புதுப் பொருளன்று. பழம்பொருட் சந்தையில் தேடி வாங்கியதாம். 1970களில் பிரான்சிலும் இத்தாலியிலும் செல்வர் வீடுகளில் பெருமோகமாயிருந்த சரக்கு அது. பிரம்பையும் தெளிந்த அக்ரிலிக்கையும் கூட்டித் தட்டு, கிண்ணம், பனிக்கட்டிக் கலம், படச்சட்டம் என்று பலவும் செய்தார்கள். இன்று அவை கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்தின் பெயராலும், அப்பெயரின் நிழலை மட்டும் கடன்வாங்கி 'டியோர் பாணி' என்ற பெயராலும் சில நூறு யூரோவுக்கு விலைபோகின்றன. டியோர் 1957 ஆம் ஆண்டிலேயே இறந்துபோனார். ஆகவே எழுபதுகளில் வந்த தட்டில் அவருடைய கை பட்டிருக்க வழியில்லை. ஆயினும் அவருடைய பெயர் தட்டோடு வருகிறது. பிரம்பைச் சீவி, நனைத்து, பின்னியவரின் கை அதிலே பட்டிருக்கிறது. அவருடைய பெயரோ எங்கும் இல்லை.

உறவினர் தட்டைக் காட்டியதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது. அவரிடம் ஒரு திட்டமும் இருந்தது. நம்முடைய பனையோலைப் பின்னலை இவ்வாறே அக்ரிலிக்குக்குள் வார்த்தெடுத்தால், பாரிஸ் லாச்சப்பலிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர் வீடுகள்தோறும் சரக்குப் பறக்கும். ஊருக்குப் பணம் வரும். பன்னவேலையும் அழியாமற் காக்கப்படும். இவ்வாறு அவர் சொல்லச் சொல்ல இருந்தோர் அனைவரும் தலையசைத்தனர். நாமும் சபை நாகரிகம் கருதிப் பேசாதிருந்தோம். அந்த மௌனம் தவறு என்று இன்று கருதுகிறோம். ஏனெனில், இது தனியொருவரின் எண்ணமன்று. கைப்பணிக் கண்காட்சிகளிலும், திட்ட அறிக்கை எழுதுவோர் கூட்டங்களிலும், 'பாரம்பரியம் காப்போம்' என்ற பதாகையின் கீழும் இதே குரலைக் கேட்டு வருகிறோம். ஓலையைக் கண்ணாடிக்குள் வைத்தால் ஓலை பிழைக்கும் என்பது இன்று ஒரு கொள்கையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கு மறுமொழி கூறுவது நம் கடமை.

முதலில் ஒன்று. அக்ரிலிக்கோடு நமக்குப் பகை எதுவுமில்லை. 1930களில் இங்கிலாந்திலே பேர்ஸ்பெக்ஸ் என்றும், ஜேர்மனியிலே பிளெக்சிகிளாஸ் என்றும் சந்தைக்கு வந்த இப்பொருள், இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேலே கூரையாயிற்று. குண்டுபட்டு உடைந்த கூரையின் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்தும் கண் அவற்றைப் பகையாகக் கொள்ளவில்லை என்பதைக் கண்ட ஹறோல்ட் றிட்லி என்னும் ஆங்கிலேய வைத்தியர், 1949 ஆம் ஆண்டில் அப்பொருளாலேயே வில்லை செய்து, கண்புரை நீக்கிய கண்ணுக்குள் வைத்தார். இன்று நம் ஊர்களில் எத்தனை பாட்டிமார் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊசியில் நூல் கோக்கிறார்கள்! அந்தப் பார்வை றிட்லி தொடங்கிவைத்த வழியில் வந்தது. மனித மூளை படைத்த எந்தப் பொருளையும், அது புதியது என்பதற்காக வெறுப்பவர் நாமல்லர். கண்ணுக்குள் சென்ற அக்ரிலிக் மனிதனுக்குப் பார்வை கொடுத்தது. ஓலையின் மேல் ஊற்றப்படும் அக்ரிலிக் யாருக்கு எதைக் கொடுக்கிறது என்பதே நம் வினா.

போர் முடிந்ததும் விமானக் கூரைக்கான தேவை சுருங்கிற்று. தொழிற்சாலைகளோ சுருங்க விரும்பவில்லை. கதிரை, விளக்கு, நகை, கைப்பை என்று வீட்டுக்குள் இடம் தேடிற்று அக்ரிலிக். 1957 இல் வெளிவந்த தம் நூலொன்றில் றோலன் பார்த் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் பிளாஸ்ரிக்கையே ஒரு கட்டுரைக்குப் பொருளாக எடுத்தார் என்றால், அந்நாட்டு வாழ்க்கையில் அது எவ்வளவு ஆழமாக நுழைந்திருந்தது என்பது விளங்கும். ஆனால் செல்வருக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லோருக்கும் மலிவாய்க் கிடைப்பது அவருக்கு அழகாகத் தோன்றுவதில்லை. பிளாஸ்ரிக் வாளி தொழிலாளியின் சமையலறைக்கும் வந்துவிட்ட பிறகு, தமது பிளாஸ்ரிக் வேறு என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. காட்டிலிருந்து வந்த பிரம்பு அந்தச் சாட்சியாயிற்று. இதற்கு முன்னரும் பாரிஸ் இவ்வித்தையை அறிந்திருந்தது: ஷான் மிஷேல் பிராங்க் என்ற அலங்கரிப்பாளர் ஏழையின் கூரைக்குரிய வைக்கோலைப் பிளந்து, மினுக்கி, செல்வரின் சுவர்களிலும் பெட்டிகளிலும் ஒட்டிப் புகழ்பெற்றார். வைக்கோல் மாளிகைக்குள் போயிற்று; வைக்கோல் அறுத்தவன் வெளியிலேயே நின்றான்.

ஆசிரியத் தொழில் செய்யும் நமக்குப் பிரம்பு அறியாத பொருளன்று. அதை இப்போது கைவிட்டுவிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தென்னிலங்கையில் கொழும்பு–கண்டி வீதியோரத்து வெவல்தெனியாவில் பிரம்புவேலை செய்து வாழும் குடும்பங்களைப் பேருந்துச் சாளரத்தினூடாகக் கண்டவர் பலர். ஆனால் யாழ்ப்பாணத்தின் நார் பிரம்பன்று, பனை.

பனையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் மேடைகளுக்கு மகிழ்ச்சி கரைபுரளும். 801 பயன் என்பார்கள், கற்பகதரு என்பார்கள். அந்தப் பயன்களை ஆக்கித் தருபவர் யார் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். மரம் தானாகக் கள்ளை இறக்கித் தருவதில்லை. ஓலை தானாகக் கடகமாவதில்லை. ஒரு பெட்டி எவ்வாறு உண்டாகிறது என்பதை அறியாதவரே பெட்டியைக் கண்ணாடிக்குள் வைக்க எண்ணுவர். ஆகையால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பன்னவேலைக்கு உரியது முற்றிய ஓலையன்று. விரியாத குருத்தோடு ஒட்டிய இளஞ்சார்வு. அதை வெட்ட ஒருவர் மரமேற வேண்டும். ஒரு மரத்தில் அளவுக்கு மிஞ்சி வெட்டினால் மரம் நலியும். எந்த மரத்தில் எத்தனை என்று ஏறுபவர் அறிவார். வெட்டிய சார்வை வெயிலிற் காயவிட்டு வெளிறச் செய்ய வேண்டும். மழைத்தூறல் பட்டால் கறுத்துப்போகும். பின்னர் ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார வேண்டும். இந்த வார்தலில்தான் வேலை தெரிந்தவர் கை தெரியும். அளவுகோல் கிடையாது, கண்ணும் பெருவிரலுமே அளவு. நிறம் வேண்டுமாயின் சாயத்தில் அவிக்க வேண்டும். இழைக்குமுன் ஓலையை ஈரமாக்கிப் பதப்படுத்த வேண்டும். உச்சி வெயிலில் இழைத்தால் ஓலை முறியும். அதனாலேயே இழைப்போர் விடியற்புறத்தையும் மாலைப்பொழுதையும் தேடுவர். அந்த நேரங்களிலேதான் பிள்ளைக்குச் சோறு வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

கடகமாயின் இரட்டையாக இழைத்து, பனைமட்டையில் உரித்த நாரால் பொத்தி, விளிம்பு கட்ட வேண்டும். மண் சுமக்க, நெல் சுமக்க, கிழங்கு சுமக்க அதுவே. நீற்றுப்பெட்டி வேறு இலக்கணம் உடையது. கூம்பாக இழைத்த அதனுள்ளே பிட்டு வேகும்போது, கண்ணுக்குத் தெரியாத இழையிடுக்கினூடாக ஆவி ஏறும், மிஞ்சிய ஆவி வெளியேறும், மா குழைந்துபோகாது. ஈர்க்கால் கட்டிய இடியப்பத் தட்டும் அவ்வாறே. உமலிலே மீன் வாங்கினால் நீர் வடிந்துவிடும். பினாட்டுப் பாயில் பனங்களி காயும். கொட்டைப்பெட்டியில் வெற்றிலை வாடாதிருக்கும். கிழவியின் சில்லறையும் மடியில் பத்திரமாயிருக்கும். ஓலைப் பொருள்களின் சிறப்பெல்லாம் அவை மூச்சு விடுகின்றன என்பதிலேயே இருக்கிறது. கை பட்டுப் பட்டு மெருகேறி, கிழிந்து, இறுதியில் அடுப்பிலோ தோட்டத்துப் பசளைக் கிடங்கிலோ முடிவதும் அவற்றின் இயல்பு. கிழிவதனாலேயே அடுத்த பெட்டிக்குத் தேவை உண்டாயிற்று. தேவை இருந்ததனாலேயே தாய் மகளுக்குக் கற்பித்தாள்.

இனி அக்ரிலிக்குக்குள் அதை வார்ப்போம். ஆவி ஏறாது. நீர் வடியாது. கை படாது. கிழியாது; ஆதலால் இரண்டாவது பெட்டி வேண்டியதில்லை. பன்னவேலையைக் காப்பதற்கென்று சொல்லப்படும் இவ்வழி, பன்னவேலைக்குரிய நான்கு காரணங்களையும் ஒருங்கே அறுத்துவிடுகிறது. மிஞ்சுவது பின்னலின் தோற்றம் ஒன்றே. தோற்றந்தான் வேண்டுமென்றால் அதை இயந்திரம் அச்சடித்துத் தரும். இன்று ஓலையை வார்க்கத் தொடங்குபவர், நாளைக்கு மலிவு கருதி ஓலையின் படத்தை வார்ப்பார். அப்பொழுது இழைத்தவளை அழைத்து, உன் பாரம்பரியம் காக்கப்பட்டுவிட்டது, நீ போய் வரலாம் என்று சொல்வதற்கும் அவருக்குத் தயக்கமிராது.

"கலைப்பொருளென்றால் பயன்பட வேண்டுமா? அழகாக இருந்தாற் போதாதா?" என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். தூய கலைவாதம் இலக்கியத்தை விட்டு வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது போலும். இவர்களுக்கு நம் நாட்டவர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கலாம். 1877 இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலிலே கம்மாளரையும் குயவரையும் நெசவாளரையும் பாய் இழைப்போரையும் கலைஞராகவே எழுதினார். அலங்காரம் வேறு, பயன் வேறு என்ற பிரிவினையை அவர் ஒப்பவில்லை. 1917 முதல் 1947 இல் இறக்கும்வரை பொஸ்ரன் நகர நூதனசாலையில் பணிபுரிந்த அவரே, நூதனசாலைப் பொருள்கள் நூதனசாலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்று வற்புறுத்தி வந்தார். சோறு உண்ணும் இடத்திலிருந்துகொண்டே அவ்வாறு சொல்வதற்குத் துணிவு வேண்டும். குமாரசுவாமியின் சாதி நோக்கும் பழைமைப் பற்றும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் இவ்விடத்தில் அவர் கண்டது மெய்.

அவருக்கு முன்னோடியான வில்லியம் மொறிசுவின் கதையையும் இங்கு மறத்தலாகாது. இயந்திரச் சரக்கின் அவலட்சணத்தை வெறுத்து, கைத்தொழிலின் மகிழ்ச்சியை உழைப்பாளிக்கு மீட்டுக் கொடுக்கப் புறப்பட்டவர் அவர்; சமவுடைமைவாதி. அவருடைய பட்டறையில் செய்த திரைச்சீலையையும் சுவர்த்தாளையும் வாங்கக்கூடியவர்களாய் இருந்தவர்களோ செல்வர்களே. அம்முரண் அவரைக் கடைசிவரை உறுத்திற்று. நம்முடைய திட்டக்காரரை அத்தகைய உறுத்தல் எதுவும் தீண்டியதாகத் தெரியவில்லை.

அடுத்து, நம் சமூகத்தின் ஒரு பழைய நோயைத் தொடவேண்டியிருக்கிறது. தமிழ் கற்பிப்போராகிய நமக்கு ஓலையின்மேல் ஒரு காதல் உண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார் என்று வகுப்பிற் சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கும். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்துபோன ஏடுகளுக்காக இன்றும் வருந்துகிறோம். அது நியாயமான துயரம். ஆனால் அதே பனை, அதே சார்வு. எழுத்தாணி பட்ட ஓலை பூசைக்குரியதாயிற்று; சத்தகம் பட்ட ஓலை அடுப்படிக்குரியதாயிற்று. ஏடு எழுதியவரைப் புலவர் என்றோம். ஓலை வெட்ட மரமேறியவரைத் தீண்டலாகாது என்றோம்.

பெட்டி இழைக்காத பெண் ஒருகாலத்தில் எந்தச் சாதியிலும் அருமை. வீட்டுத் தேவைக்கு எல்லோரும் இழைத்தார்கள். அதில் இழிவு இருக்கவில்லை. விற்பதற்காக இழைத்தவள் ஏழை, பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவள். அவள் இழைத்த புத்தம்புதுப் பெட்டியில் சுவாமிக்குப் படையல் அரிசி உள்ளே போயிற்று. அவளோ வெளிவீதியில் நின்றாள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் அடிபட்டு நின்றபோது, அவர்களில் எத்தனை வீடுகளின் பெட்டிகள் ஏற்கெனவே உள்ளே இருந்தனவோ! பொருளை ஏற்றுக்கொண்டு ஆளை விலக்குவது நமக்குப் பிரான்சிலிருந்து வந்த கல்வியன்று. அதில் நாமே தேர்ந்தவர்கள். கண்ணாடிக்குள் வைத்த ஓலை அந்தப் பழைய தீண்டாமையின் புதிய உருவம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். தொடாமலே பார்த்து மகிழ்வதற்கு வேறு எப்பெயர் பொருந்தும்?

நமக்குக் கடகத்தோடு உள்ள உறவு புத்தக உறவன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கித் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது நமக்குப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. மழை பெய்தது. அம்மம்மாவின் தலையில் ஒரு கடகம். அதனுள் அரிசி, இரண்டு சட்டி, குடும்ப உறுதிகளைச் சுற்றிய பொலித்தீன் பை. நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் சனநெரிசலில் அசையாமல் நின்ற மணித்தியாலங்களில் அந்தக் கடகத்தை இறக்கி, அதன் விளிம்பில் தலைசாய்த்துத் தூங்கினோம். இங்கு ஒன்றைக் கவனியுங்கள்: அரிசிக்கு ஓலை உதவிற்று, உறுதிக்குப் பொலித்தீன் உதவிற்று. இரண்டில் எது தூயது என்று அம்மம்மா ஆராயவில்லை. பொருளாதாரத் தடை நிலவிய அந்த ஆண்டுகளில் சீனிக்குப் பதில் பனங்கட்டியும், கடைப் பைக்குப் பதில் ஓலைப் பையும் வந்தன. பனங்குற்றிகள் பதுங்குகுழிக்குக் கூரையாயின. அப்போது ஓலை நமக்குப் பாரம்பரியமாகத் தோன்றவில்லை. வாழ்க்கையாக இருந்தது. வீதி திறந்ததும், தென்னிலங்கைப் பிளாஸ்ரிக் லொறியேறி வந்ததும், ஓலையைப் பரணில் போட்டோம்.

பிளாஸ்ரிக் வாங்கிய ஏழையைக் குறைகூற நாம் ஒருப்படோம். செம்புக்குடத்தையும் மண்குடத்தையும் இடுப்பிற் சுமந்த பெண்ணுக்குப் பிளாஸ்ரிக் குடம் உண்மையான விடுதலை. தீவுப்பகுதியில் நன்னீருக்காக நடந்தவளிடம் போய் மண்பானையின் பெருமையைப் பேசுவது மனிதத்தன்மை ஆகாது. ஆனால் ஆவி புகாத பிளாஸ்ரிக் தட்டில் இடியப்பம் அவிக்கும் நிலைக்கு ஏன் வந்தோம்? 2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதியிலிருந்து உறிஞ்சுகுழாய், கரண்டி, பிளாஸ்ரிக் பூமாலை ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டையும் அரசாங்கம் தடைசெய்தது. ஈர்க்குத் தட்டை மறந்த சமூகத்துக்கு வர்த்தமானி வந்து நினைவூட்ட வேண்டியிருந்தது! 2017 இல் மதிய உணவு சுற்றும் பொலித்தீன் தாளைத் தடைசெய்தபோதும் இவ்வாறே. தடைகள் வந்தன; தடைசெய்த பொருளின் இடத்தை நிரப்பக்கூடிய பெண்ணைத் தேடி எவரும் அவள் வாசலுக்குச் செல்லவில்லை. ஈர்க்கு அவளிடம் இருக்கிறது, கை இருக்கிறது, முதல் இல்லை, நிச்சயமான கொள்வனவு இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஓலை தயாராயிருக்கும் வேளையில்தான், அதை எடுத்துப் பிளாஸ்ரிக்குக்குள் புதைப்போம் என்கிறார்கள்.

திட்டக்காரரின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாட நாம் விரும்பவில்லை. "ஊரிலே பெட்டிக்கு விலை இல்லை. வெளிநாட்டிலே தட்டுக்கு விலை இருக்கிறது. பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு உங்கள் தத்துவம் சோறு போடுமா?" என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் இதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை அவர் கேட்பதில்லை. தட்டின் விலையில் யாருக்கு எவ்வளவு? பிசினுக்கும் அச்சுக்கும் இயந்திரத்துக்கும் அவர் கணக்கு வைத்திருக்கிறார். கப்பலுக்கும் கடைவாடகைக்கும் கணக்கு இருக்கிறது. பின்னலுக்கு எவ்வளவு என்று நாம் பின்னர் ஒருநாள் தனியே கேட்டோம். "அது பெரிய காசில்லை" என்றார். அந்தச் சொற்களே நமக்குப் போதுமானவையாயிருந்தன. சார்வு வெட்டியவருக்கு எவ்வளவு என்ற கேள்வி அவருக்கு விளங்கவேயில்லை; ஓலை மரத்திலிருந்து விழும் என்று எண்ணியிருந்தார் போலும்.

இது புதிய சுரண்டலுமன்று. பிரித்தானியர் காலத்திலே யாழ்ப்பாணத்துப் பனந்தும்பு கப்பலேறி ஐரோப்பாவின் துடைப்பங்களுக்கும் தூரிகைகளுக்கும் போயிற்று. மட்டையை இடித்துத் தும்பு எடுத்தவர் வீட்டில் அதனால் ஓடு போட்ட கதையை நாம் கேட்டதில்லை. அன்று தும்பை மூலப்பொருளாகக் கொண்டுபோனார்கள். இன்று பின்னிய கையையே மூலப்பொருளாக்கப் பார்க்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய இரகசியமன்று. 1978 இல் அமைத்த பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கிராமந்தோறும் மாதர் சங்கங்கள் இருக்கின்றன. இவற்றுக்குக் கண்ணாடி வேண்டாம், கொள்வனவாளர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அன்னதானம் நடவாத வாரம் உண்டா? கோவிற் சபைகள் சோற்றுக்கும் அரிசிக்கும் கடகம் வாங்கட்டும். பாடசாலைப் போசாக்குணவு சமைப்போர் நீற்றுப்பெட்டியும் ஈர்க்குத் தட்டும் வாங்கட்டும். கலியாண வீடுகள் பலகாரத்தைப் பிளாஸ்ரிக் பெட்டியில் அல்லாது ஓலைக் குட்டானில் கொடுக்கட்டும். வாங்கும்போது பெட்டிக்கு விலை பேசாமல், சார்வு வெட்டிய நாளுக்கும் வார்ந்த நாளுக்கும் இழைத்த நாளுக்கும் நாட்கூலி கணக்கிட்டுக் கொடுக்கட்டும். தோட்டத்திலே வெங்காயம் கிளறும் பெண்ணுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஊரறிந்த கூலி இருக்கிறது. இழைப்பவளுக்கு மாத்திரம் ஏன் ஊரறிந்த கூலி இல்லை? அவள் திண்ணையில் இருந்து செய்கிறாள் என்பதனாலா? புலம்பெயர்ந்த நம் உறவினர் உண்மையாகவே உதவ விரும்பினால், லாச்சப்பலில் உள்ள தம் சமையலறையில் நீற்றுப்பெட்டியில் பிட்டு அவிக்கட்டும். ஆறு மாதத்தில் அது கிழியும். இன்னொன்றுக்கு எழுதட்டும்.

பாடசாலையையும் விட்டுவிடக்கூடாது, அங்கே குற்றவாளி நாம். 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்திலே, அந்தந்த ஊர்த் தொழிலைப் பிள்ளைகள் கற்கத் தொழில் முன்னிலைப் பாடம் என ஒன்று கொண்டுவந்தார்கள். குலத்தொழிலுக்கே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் சூழ்ச்சி என்று அதைச் சிலர் அஞ்சினர். நம் நாட்டில் அவ்வச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1977 இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது மறைந்துபோயிற்று. இன்றைய செயன்முறைத் தொழினுட்பத் திறன் பாடத்திலோ எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து கற்கலாம். கற்பிப்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பிலே, வீட்டில் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதைப்பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதுமாறு பணித்தோம். ஒரு மாணவி கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பூங்கொத்தைக் கொண்டுவந்து, அம்மா செய்தது என்று எழுதியிருந்தாள். அவளுடைய தாய் பெட்டி இழைப்பவர் என்பது நமக்குத் தெரியும். அவளை எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது, நம்முடைய மேசையைப் பார்த்தோம்: வெண்கட்டியும் பேனையும் போட்டுவைக்கும் பிளாஸ்ரிக் குவளை. நம் வீட்டிலோ அம்மம்மாவின் கொட்டைப்பெட்டி, கண்ணாடி அலுமாரிக்குள், இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே. பிரெஞ்சுத் தட்டைக் கண்டு சினங்கொள்வதற்கு முன்பே அந்தச் சிறையை நாமும் கட்டி வைத்திருந்தோம்.

கொட்டைப்பெட்டியை எடுத்து வெண்கட்டிக்கு வைத்தோம். பின்னர் அந்தத் தாயிடம் சென்று, வாரத்தில் ஒருநாள் வந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இழைக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டோம். முற்றத்தில் ஈரச்சாக்கால் மூடிவைத்த ஓலைக்கு முன் இருந்தார். பாரிஸ் தட்டைப் பற்றியும் சொன்னோம். சிரித்தார்.

"உதுக்குள்ள வைச்சா ஓலை பழுதாகாதுதான், சேர். ஆனா பழுதாகாட்டி நான் என்னெண்டு சீவிக்கிறது?" என்றார். பின்பு சத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்கு வாறன். வாற நாளுக்குச் சம்பளம் எவ்வளவு?"

அதற்குரிய அனுமதியையும் பணத்தையும் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. ஆசிரியர்கள் எண்மர் சேர்ந்து இந்தத் தவணைக்குரிய கூலியை நம் சம்பளத்திலிருந்து போட்டிருக்கிறோம். புதன்கிழமைகளில் முதலாம் பாடவேளையில், வெயில் ஏறுமுன், வகுப்பு நடக்கிறது. சார்வு வெட்டுபவருக்கும் தனியே கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த தவணைக்கு அதற்கும் பணம் சேர்க்க வேண்டும்.